சாலை விபத்தில் வீட்டில் ஒருவர் இறந்தால்: இழப்பீட்டு வழக்கு, முதல் நாள் முதல் கடைசி வைப்புத்தொகை வரை

அரசு மருத்துவமனைப் பிணவறை வாசல். ஏட்டு ஒருவர் தாளை வைத்துக்கொண்டு கேட்கிறார்: "என்ன வேலை பார்த்தாரு?" அழுதுகொண்டிருக்கும் மனைவியைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்தில் நிற்கும் பெரியப்பா மகன் முந்திக்கொண்டு, "கூலி வேலைதான் சார்" என்கிறான். "வயசு?" "நாப்பது இருக்கும்."

இறந்தவர் உரிமம் வாங்கிய வயர்மேன், வயது 34. ஆனால் அந்தத் தாளில் ஏறிய இரண்டு பதில்களும் பிரேதப் பரிசோதனை அறிக்கை வரை போகும். இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அதைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்வார். அந்த இரண்டு பதில்களின் விலை எவ்வளவு என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் எனக்குப் புரிந்தது, இந்த வழக்குகளில் பாதி பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் ஆரம்ப நாட்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இதில் உள்ளது தமிழ்நாட்டு நடைமுறை. மோட்டார் வாகனச் சட்டம், 1988 இந்தியா முழுவதற்கும் பொது.

முதல் நாள்: போலீஸ் ஸ்டேஷனும் பிணவறையும்

வீட்டில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவரை, மைத்துனரோ சித்தப்பாவோ, இந்த வேலைக்கென்று ஒதுக்குங்கள். புகார் மனுவில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். விபத்தை நேரில் பார்க்காதவர் பார்த்ததுபோல் எழுதிக் கொடுக்கக் கூடாது. பார்த்தவர் இருந்தால் அவர் பெயரையும் முகவரியையும் புகாரிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிந்தி வரும் சாட்சியை "செட்டப் சாட்சி" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும்.

புகாரில் நான்கு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: மோதிய வாகனத்தின் பதிவெண், இடமும் நேரமும், இறந்தவரின் சரியான வயது, அவர் செய்த தொழில். கொத்தனாரை "கூலி" என்றும், வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாவை "வேலை ஏதுமில்லை" என்றும் எழுத விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் படித்துப் பாருங்கள். இறப்பு வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் பதிவாகியிருக்கும் (பழைய வழக்குகளில் 304ஏ).

அடுத்து வருவது, நான் பார்த்ததிலேயே அதிகக் குடும்பங்கள் ஏமாந்த இடம். காயம்பட்டவர் உடனே இறக்காமல் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்கிறார்கள். வீட்டில் உயிர் பிரிகிறது, உறவினர்கள் கூடி அடக்கம் செய்துவிடுகிறார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. ஸ்டேஷனில் இருப்பதோ காயம் ஏற்படுத்திய வழக்கு மட்டும். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி ஒரே கேள்விதான் கேட்கும்: விபத்துக் காயத்தால்தான் இறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? விபத்துக்குப் பிறகு எத்தனை நாள் கழித்து இறந்தாலும், எங்கே இறந்தாலும், முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பி, உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். உடலை அறுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். அவர்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் பிள்ளைகளுக்காக வழக்கு நடத்துவது மிகவும் சிரமம். அடக்கம் முடிந்துவிட்டிருந்தால் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், சிகிச்சை கொடுத்த டாக்டரின் சாட்சியம் ஆகியவற்றை வைத்துப் போராடலாம். அது நீண்ட வழி.

விபத்து நடந்த இடத்துக்கு யாரையாவது அனுப்பி, பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க், டோல்கேட் எங்கேயாவது கேமரா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும் என்பதால் இதற்குத் தவணை கிடையாது. பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

பதினாறாம் நாளுக்குள்: காகிதம் சேர்ப்பது

ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை எடுத்து எல்லாவற்றையும் அதில் போட ஆரம்பியுங்கள். போலீஸ் பக்கத்திலிருந்து வர வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிறகு குற்றப்பத்திரிகை. மோதிய வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டியவரின் லைசென்ஸ் ஆகியவற்றின் நகலும் போலீசிடம் இருக்கும். பதிவெண் தெரிந்தால் எம்பரிவாஹன் செயலியில் போட்டு, இன்சூரன்ஸ் எதுவரை செல்லும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

2022இல் வந்த மத்திய விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு (இந்த இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஸ்டேஷன் வேலையை நம்பிச் சும்மா உட்கார்ந்திருக்காமல், உங்கள் மனுவை நீங்களே போடுங்கள்.

குடும்பம் சேர்க்க வேண்டியவை இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், எல்லோருடைய ஆதார், வங்கிப் புத்தகம், அப்புறம் இறந்தவரின் வயதுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போகும். இது தாமதமாகும் காகிதம் என்பதால் முதலிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

வயதுக்கு ஆதார் அட்டை போதும் என்று நினைக்காதீர்கள். பிறந்த தேதிக்கு ஆதார் இறுதிச் சான்று ஆகாது, பள்ளிச் சான்றிதழே நம்பத் தகுந்தது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. ஆகவே பள்ளிக்கூடத்தில் போய் மாற்றுச் சான்றிதழ் நகல் வாங்குங்கள்.

வருமானத்துக்கு ஆதாரம் காட்டுவதுதான் பெரிய தலைவலி. மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, படிவம் 16 போதும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் கையில் காசு வாங்கி வேலை செய்பவர்கள். அவர்களுக்கு என்ன காட்டுவது? நலவாரிய அட்டை, தொழில் உரிமம், கூகுள் பே வரவுகள், மகளிர் குழுக் கடன் தவணை, வண்டிக் கடன் தவணை, பிள்ளைகளுக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம் எல்லாமே உதவும். மாதம் 7,000 ரூபாய் தவணையைத் தவறாமல் கட்டியவர் மாதம் 6,000தான் சம்பாதித்தார் என்று யாரும் வாதாட முடியாது. மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ கடிதம் கொடுத்தால், நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்வாரா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கூண்டேற மறுப்பவரின் கடிதத்துக்குப் பெரிய மதிப்பில்லை. இறந்த பிறகு அவசரமாக வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தேதியைப் பார்த்ததும் நீதிபதிக்குச் சந்தேகம் வந்துவிடும், உண்மையான ஆதாரங்களையும் அந்தச் சந்தேகம் கெடுத்துவிடும்.

உங்கள் வழக்கு எந்த வகை?

எல்லா விபத்துச் சாவுக்கும் ஒரே கதவு கிடையாது. வக்கீலிடம் போகும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு வண்டி மோதி, அந்த வண்டி எதுவென்று தெரிந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின் கீழ் மனு. இதுதான் முழு இழப்பீட்டுக்கான வழி. ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், ஆனால் கிரிமினல் வழக்கு அளவுக்கு இறுக்கமாக அல்ல. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அங்கே டிரைவர் விடுதலையானாலும் இங்கே இழப்பீடு கிடைக்கலாம்.

யார் தவறு என்று நிரூபிக்காமலே 5 லட்சம் ரூபாய் கேட்க 164ஆம் பிரிவு இருக்கிறது. தவறை நிரூபிக்க வழியே இல்லாதவர்களுக்கு இது உதவும். ஆனால் இதை வாங்கிக்கொண்டால் 166இல் போட்ட மனு செத்துவிடும். இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து "உடனே 5 லட்சம்" என்று பேப்பர் நீட்டினால், கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியவில்லையா? 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய். இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம். வட்டாட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து அனுப்ப, மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் தருவார். இப்படி ஒரு திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. பின்னாளில் வண்டி பிடிபட்டு முழு இழப்பீடு கிடைத்தால் இந்த 2 லட்சம் அதில் கழியும்.

தன் பைக்கில் தானே வழுக்கி விழுந்து இறந்தவர் என்றால், சொந்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்க முடியாது. ஆனால் வண்டி உரிமையாளருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கு இருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்து, அந்தப் பிரீமியமும் கட்டியிருந்தால் கம்பெனியிடம் நேரடியாகக் கேட்கலாம். பீரோவில் கிடக்கும் அந்தத் தாளை யாரும் பார்க்காததால் பணம் கேட்காமலே போன வீடுகள் உண்டு.

லாரி டிரைவர், கிளீனர் போல வேலையில் இருக்கும்போது இறந்தவர்களுக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறையிலும் கேட்கலாம், மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்திலும் கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான். தவறு இறந்த டிரைவருடையது என்றால் தொழிலாளர் துறை வழியே நல்லது, அங்கே கவனக்குறைவைப் பற்றிய கேள்வி இல்லை.

சரக்கு வண்டியின் பின்னால் ஏறிப் போய், கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகும் வழியில் இறந்தவர்களின் வழக்கு கடினம். அப்படிப்பட்ட பயணிகளுக்கு இன்சூரன்ஸ் பொறுப்பல்ல என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

வக்கீலைப் பிடிப்பது

பிணவறை வாசலிலேயே ஒருவர் வந்து, "பத்துப் பைசா செலவில்லை, எல்லாம் நாங்க பாத்துக்குறோம், வெறும் கையெழுத்து மட்டும் போடுங்கம்மா" என்பார். அவர் வக்கீல் அல்ல, தரகர். துக்கத்தில் இருப்பவர்களுக்கு யாரோ ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்வது ஆறுதலாக இருக்கும், அதனால்தான் அந்த வியாபாரம் ஓடுகிறது.

கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசிக் கட்டணம் வாங்குவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. நடைமுறையில் அந்தப் பேச்சுத்தான் எங்கும் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்: கட்டணத்தை முதலிலேயே தெளிவாகப் பேசி எழுதி வாங்குங்கள். வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, அசல் சான்றிதழ்கள் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. வழக்கு எண் ஆனதும் அந்த எம்.சி.ஓ.பி. எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம். வக்கீல் சரியில்லை என்று தோன்றினால் கணக்கை முடித்து வேறொருவருக்கு மாற்று வக்காலத்துக் கொடுக்கவும் உரிமை உண்டு.

செலவு செய்ய முடியாதவர்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது. பலர் இதை ஏழைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. இறப்பு வழக்கில் மனுதாரர்கள் யார்? பெரும்பாலும் மனைவியும் பிள்ளைகளும் தாயும்தானே. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு, மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஒதுக்கப்படும் வக்கீல் அக்கறையில்லாமல் இருந்தால் மாற்றித் தரச் சொல்லி மனு கொடுங்கள்.

மனுத் தாக்கல்: ஆறு மாதம்

1994க்குப் பிறகு இந்த மனுவுக்குக் காலக்கெடு இல்லாமல் இருந்தது. 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அந்த விதியையே எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போயிருக்கிறது. இருந்தாலும் ஐந்தாவது மாதத்தைத் தாண்டாதீர்கள். கெடு தாண்டிவிட்டவர்களும் வழக்கே போச்சு என்று விட்டுவிடாமல் வக்கீலைப் பாருங்கள். குற்றப்பத்திரிகை வரவில்லை, வாரிசு சான்றிதழ் வரவில்லை என்று காத்திருக்கவும் வேண்டாம். இருப்பதை வைத்துத் தாக்கல் செய்துவிட்டு மற்றவற்றைப் பிறகு சேர்க்கலாம்.

விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர், இவற்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். சேலத்துக்காரர் திண்டிவனம் பக்கத்தில் இறந்தால் மனைவி சேலத்திலேயே வழக்கு நடத்தலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இந்தத் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன.

யார் யார் மனுதாரர் என்பதில்தான் வீட்டுச் சண்டை வெடிக்கும். மருமகள் தாய்வீட்டுக்குப் போய் ஒரு மனு, மாமியார் இங்கே ஒரு மனு, இரண்டு ஊரில் இரண்டு வழக்கு என்று ஆகிவிட்டால் லாபம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லோரும் ஒரே மனுவில் வாருங்கள். சேர மறுப்பவரை எதிர்மனுதாரராகக் காட்டிவிட்டால் போதும், அவர் பங்கைத் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லப்போவது நீதிபதி, ஊர்ப் பெரியவர்கள் அல்ல. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: மனைவி மறுமணம் செய்துகொண்டால் பங்கு போய்விடும் என்று மிரட்டுவார்கள். அப்படி இல்லை என்று உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன.

கணக்கு: எவ்வளவு கேட்கலாம்?

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சரளா வர்மா வழக்கிலும் (2009), ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு முடிவு செய்த பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) உச்ச நீதிமன்றம் வாய்ப்பாடு மாதிரி வகுத்துக் கொடுத்திருக்கிறது.

நம் வயர்மேனையே எடுத்துக்கொள்வோம். வயது 34, மாத வருமானம் 15,000 என்று நிரூபணமாகிறது என்று வையுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால் எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 21,000. நான்கு முதல் ஆறு பேர் நம்பியிருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழியும்: 15,750. வருடத்துக்கு 1,89,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. ஆக 30,24,000 ரூபாய்.

இதே மனிதரைப் பிணவறை வாசலில் சொன்னபடி 40 வயதுக் கூலியாக வைத்து, மாத வருமானம் 10,000 என்று தீர்ப்பாயம் எடுத்தால்? உயர்வு 25 சதவீதம்தான்: 12,500. நான்கில் ஒன்று கழித்தால் 9,375. வருடத்துக்கு 1,12,500. பெருக்கும் எண் 15. மொத்தம் 16,87,500 ரூபாய். பதிமூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

மற்ற வயதுகளுக்கான பெருக்கும் எண்கள்: 25 வயது வரை 18, 30 வரை 17, 40 வரை 15, 45 வரை 14, 50 வரை 13, 55 வரை 11, 60 வரை 9, 65 வரை 7, அதற்கு மேல் 5. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு எதிர்கால உயர்வு 40 வயதுக்குள் 50 சதவீதம், 50க்குள் 30, 60க்குள் 15. சுயதொழில் செய்பவருக்கு அதே வரிசையில் 40, 25, 10. நம்பியிருப்பவர் இரண்டு மூன்று பேர் என்றால் கழிவு மூன்றில் ஒன்று, ஆறு பேருக்கு மேல் ஐந்தில் ஒன்று. கல்யாணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. அப்போதும் பெருக்கும் எண்ணுக்கு இறந்த பிள்ளையின் வயதைத்தான் பார்க்க வேண்டும், பெற்றோரின் வயதை அல்ல.

இதோடு சேர்பவை சில. ஈமச்சடங்குக்கு 15,000, சொத்து இழப்புக்கு (அவர் இருந்திருந்தால் சேர்த்திருக்கக்கூடியது) 15,000, துணை இழப்புக்கு (அவர் அன்பையும் ஆதரவையும் இழந்ததற்கு) 40,000 என்று 2017இல் வைத்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் 2023க்குப் பிறகு 18,150, 18,150, 48,400. துணை இழப்பு மனைவிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக உண்டு. நம் கணக்கில் நான்கு பேருக்கும் சேர்த்து 1,93,600. எல்லாம் கூட்டினால் 32,53,900 ரூபாய், மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி தனி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பில் இருந்தால் அதுவும் சேரும்.

இல்லத்தரசி இறந்தால் "வருமானம் இல்லை" என்று முடித்துவிட முடியாது. அவர் செய்த வேலைக்கு மதிப்புப் போட வேண்டும், எதிர்கால உயர்வும் கூட்ட வேண்டும் என்று கீர்த்தி வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்.ஐ.சி. பணம் வந்திருந்தால் அதை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்பது 1998லேயே முடிவான விஷயம். குறைவாகக் கேட்டுவிட்டோமே என்றும் கவலைப்பட வேண்டாம், நியாயமான தொகை என்றால் கேட்டதைவிட அதிகமாகவும் தீர்ப்பாயம் கொடுக்கலாம்.

விசாரணை நாட்கள்

வண்டி உரிமையாளர் பெரும்பாலும் வரவே மாட்டார், இன்சூரன்ஸ் கம்பெனிதான் வழக்கை நடத்தும். வாய்தா வாய்தாவாக இழுக்கும். வருடக் கணக்காகலாம் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் சாட்சி மனைவியோ தாயோ. பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருப்பதை ஒருமுறையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். கூண்டில் நின்று "அதெல்லாம் வக்கீலுக்குத்தான் தெரியும்" என்று சொன்ன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் தப்பில்லை. விபத்தை நீங்கள் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். அதற்குத்தான் நேரில் பார்த்த சாட்சி இரண்டாவதாக வருகிறார்.

எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்வது மூன்று. ஒன்று, டிரைவரிடம் லைசென்ஸ் இல்லை. அப்படி இருந்தாலும் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று பல வழக்குகளில் உத்தரவாகியிருக்கிறது. இரண்டு, இறந்தவரும் கவனக்குறைவாக இருந்தார், பைக்கில் மூன்று பேர் போனார்கள். மூன்று பேர் போனது தனிக் குற்றம். அதுவே விபத்துக்குக் காரணம் என்று காட்டாமல் அதற்காகத் தொகையைக் குறைக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்று, வருமானம் பொய். அதற்குத்தான் அந்த பிளாஸ்டிக் கவர்.

முதல் தகவல் அறிக்கையே இறந்தவர் மீது பதிவாகியிருந்தால்? டிரைவர் முந்திக்கொண்டு ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் இப்படி நடக்கும். அதோடு வழக்கு முடிந்துவிடாது. வரைபடம், வாகன ஆய்வாளர் அறிக்கையில் உள்ள சேதம், நேரில் பார்த்த சாட்சி ஆகியவற்றை வைத்துத் தீர்ப்பாயம் தானாக முடிவு செய்யலாம். உடனே காவல் கண்காணிப்பாளருக்கு மனு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்பு வரும். பணம் சீக்கிரம் வரும், மேல்முறையீட்டுத் தொல்லை இல்லை. அதே காரணத்தால் கையெழுத்துப் போட்ட பிறகு குறைவு என்று உங்களாலும் மேல்முறையீடு செய்ய முடியாது. மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிப்பது பல நேரம் புத்திசாலித்தனம். பாதிக்குப் பாதி குறைக்கச் சொல்லிக் கம்பெனி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், வழக்கு அதன்பாட்டுக்கு நடக்கும்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பான 30 நாட்களுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும். கட்டாமல் மேல்முறையீடு போவதும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் 90 நாட்களுக்குள் இரண்டு தரப்பும் சி.எம்.ஏ. என்ற மேல்முறையீடு போடலாம், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. தொகை குறைவு என்று நீங்களும் போகலாம். கம்பெனி தடை வாங்கினாலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித்தான் பெரும்பாலும் தடை கொடுப்பார்கள், அதை எடுக்க மனுப் போடலாம்.

அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து மோதிய வழக்குகள் தனிக் கதை. அந்தப் பேருந்துகளுக்கு வெளியே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் விலக்கு உண்டு, கழகமே பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிறைவேற்று மனு. அப்புறம் ஒருநாள் நீதிமன்ற ஊழியரான அமீனா பேருந்து நிலையத்துக்குப் போய், பயணிகளை இறக்கிவிட்டு வண்டியை நீதிமன்றத்துக்கு ஓட்டி வருவார். "அரசு பஸ் ஜப்தி" என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோமே, அந்தச் செய்திக்குப் பின்னால் இப்படி ஒரு குடும்பம் காத்திருக்கும்.

பணம் தீர்ப்பாயத்தின் கணக்குக்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொருவரின் சொந்த வங்கிக் கணக்குக்கும் நேராகப் போகும். யார் கையிலும் ரொக்கமாகவோ காசோலையாகவோ வராது. வேறொருவர் கணக்கு எண்ணை மனுவில் எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். மனைவியின் பங்கில் ஒரு பகுதியை வைப்புத்தொகையில் போடச் சொல்வதும் உண்டு. வீடு கட்டவோ மருத்துவத்துக்கோ தேவை என்றால் காரணம் சொல்லி மனுப் போட்டு எடுக்கலாம்.

பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை தேசிய வங்கி ஒன்றில் வைப்புத்தொகையாக இருக்கும். வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ள அனுமதிப்பார்கள். 18 முடிந்ததும் பணம் தானாக வந்துவிடாது. வயதுச் சான்றோடு அதே தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். மூன்று வயதில் தகப்பனை இழந்த குழந்தைக்கு அந்த நாள் வர இன்னும் பதினைந்து வருடம் இருக்கும். அதற்குள் வக்கீல் ஊர் மாறியிருக்கலாம், கட்டு ஆவண அறைக்குப் போயிருக்கும். தீர்ப்பு நகலை லேமினேட் செய்து, எம்.சி.ஓ.பி. எண், வங்கிக் கிளை, வைப்புத்தொகை எண் மூன்றையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து ஒரே உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள்.